உள்ளங்காலில் ஒரு பொட்டு

படம் எழுதினால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கோவிலுக்குப் போய் ஞானப்பாட்டு பாடுகிறவர்கள் அதையெல்லாம் நம்பலாமா? ஆனால் என் வீட்டுக்காரர் பென்சிலும் காகிதமுமாகத் தெருவில் இறங்கி, உங்கள் பிள்ளையைக் கொஞ்சம் உட்கார வையுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டால் போதும். ஒருத்திக்கு அடுப்பில் பால் பொங்கும். ஒருத்தியின் பிள்ளைக்கு அப்போது பார்த்துத் தூக்கம் வந்துவிடும். இன்னொருத்தி பிள்ளையையே காணோம் என்பாள். அது அவள் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் பூந்தமல்லியில் எங்கள் சபையார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர்; குடியிருந்த வீடும் அவர்கள் கொடுத்ததுதான். பட்டணத்தில் சித்திரம் படித்துவிட்டு வந்தவர். இருக்கிறதை இருக்கிறபடி எழுதுவார். அது அவருக்குப் பெருமை, எனக்கு வினை. கலியாணமான புதிதில் என்னை உட்கார வைத்து எழுதினார். முகவாயில் சின்ன வயதில் பட்ட சூட்டுத் தழும்பு ஒன்று எனக்கு உண்டு. அதை அப்படியே வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று வேறு கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவர் கவனித்தாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் இருந்தது பூந்தமல்லியிலிருந்து அயனம்பாக்கம் போகிற வழியில் ஒரு சின்னக் குடியிருப்பு. நான் சொல்வது யுத்தம் வருவதற்கு முன்பு, வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். எங்கள் கோவில் அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை கூரைக் கொட்டகை. ஊர் கூடி ஓடு போட்டு, பலிபீடத்துக்குப் பின்னால் புதுச் சுவர் எழுப்பினார்கள். சுவர் வெறிச்சென்று இருந்தது. அங்கே ஆண்டவர் சிறுபிள்ளைகளை ஆசீர்வதிக்கிற படம் ஒன்றைப் பெரிதாக எழுதி மாட்ட வேண்டும் என்று எங்கள் ஐயர் விரும்பினார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அறுப்பின் பண்டிகைக்குள் எழுதி முடித்தால் அன்றைக்கே பிரதிஷ்டை செய்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஐயர் வீட்டுக் கூடத்தில் சீமையிலிருந்து வந்த அச்சுப்படம் ஒன்று உண்டு. அதில் பிள்ளைகளுக்கெல்லாம் தங்க மயிர், கன்னம் ரோஜாப்பூ. அதையே பார்த்துப் பெரிதாக எழுதிவிட்டால் போயிற்று என்றார் எங்கள் சபை மூப்பர். அவர் பேச்சுக்குச் சபையில் மறுபேச்சு கிடையாது. அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது, வில்வண்டி இருந்தது, கைக்குழந்தையாக ஒரு பேரன் இருந்தான், எல்லாவற்றையும்விடப் பெரிய மீசை இருந்தது. என் வீட்டுக்காரரோ, நான் பார்க்காத பிள்ளைகளை எழுத மாட்டேன், நம் தெருப் பிள்ளைகளைத்தான் எழுதுவேன் என்று நின்றார். ஐயர் சிரித்துவிட்டு, ஆண்டவர் எந்த ஊர்ப் பிள்ளையைத் தூக்கினால்தான் என்ன என்றார். மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கே எனக்குத் தெரியும், இது இதோடு போகாது என்று.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடக் கூடத்தில் கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலையைத் தொடங்கினார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஆண்டவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பனைமரமும் தண்ணீரும். சுற்றிப் பிள்ளைகள். மொட்டைத் தலையில் மஞ்சள் பூசிய ஒன்று, மூக்கு ஒழுகுகிற ஒன்று, இடுப்பில் தன் தம்பியைச் சுமந்துகொண்டு வளைந்து நிற்கிற பெண் ஒன்று. கெஞ்சியும் கடலை மிட்டாய் காட்டியும் பிடித்து வந்த பிள்ளைகள். ஆண்டவருக்கு உட்கார்ந்தவர் வெள்ளானூரிலிருந்து வைக்கோல் வண்டி ஓட்டி வருகிற ஒருவர். மாரியம்மன் பக்தர். தாடியும் சாந்தமான முகமும் பார்த்துத்தான் இவர் கூப்பிட்டு வந்தார். ஆனால் எழுத எழுத என் வீட்டுக்காரருக்கு அந்த ஆளின் கைகள்மேல்தான் ஆசை போயிற்று. பெண்பிள்ளைகள் ஐந்தைத் தூக்கி வளர்த்த கைகள் அவை.

மடியில் உட்கார ஒரு கைக்குழந்தை வேண்டும். நடக்கிற பிள்ளையையே ஒளிக்கிறவர்கள் கைக்குழந்தையைத் தருவார்களா? கடைசியில் என் மடியைத்தான் பார்த்தார்.

எங்களுக்கு முதலில் பிறந்தது நாற்பது நாள் தாங்கவில்லை. இரண்டாவது நன்றாக வளர்ந்தது, சிரித்தது, சுவரைப் பிடிக்காமல் உட்கார்ந்தது. உட்கார ஆரம்பித்த மாதத்திலேயே காய்ச்சலில் போய்விட்டது. இது மூன்றாவது, பெண். இதுவும் அப்போதுதான் உட்கார ஆரம்பித்திருந்தது. அது தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டு, அழுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட தாய் நான்.

பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை பறிக்க வருகிற பெண்கள் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டைக் கொடுத்தவள் மூன்றாவதுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்காமல் இருக்கக் கூடாது என்றார்கள். நாங்கள் நெற்றியில் பொட்டு வைக்காதவர்கள். கன்னத்தில் மைப்பொட்டு வைத்தால் கோவிலில் கேள்வி வரும். ஆனால் உள்ளங்காலில் வைக்கலாம். கன்னத்தில் வைத்தால் ஊருக்குத் தெரியும். உள்ளங்காலில் வைத்தால் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு ஒரு தைரியம். விளக்கெண்ணெய்த் திரியில் புகை பிடித்து மை கூட்டி, தினம் குளிப்பாட்டியதும் வலது காலில் ஒரு பொட்டு வைத்துவிடுவேன்.

பிள்ளையை எழுதக் கேட்டபோது முடியாது என்றேன். அழுதேன். அவர் படம் எழுதினால் ஆயுசு குறையாது, கூடத்தான் கூடும் என்று நியாயம் பேசினார். நியாயத்துக்கா நான் பயந்தேன்? கடைசியில் அவர் சண்டை போடாமல் தரையில் என் எதிரே உட்கார்ந்து, "இதைத் தவுர வேற எந்தக் கொழந்தையையும் அவர் மடியில பாக்க எனக்கு மனசு வரல" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சரி என்றேன். ஆனால் பேரம் பேசினேன். பிள்ளையின் காலில் பொட்டு இருக்கிறபடியே படத்திலும் பொட்டு இருக்க வேண்டும். பொட்டு இல்லாமல் என் பிள்ளை எங்கேயும், கித்தானிலும்கூட, இருக்கக் கூடாது. அவர் சத்தியம் செய்து கொடுத்தார்.

வண்டிக்காரர் மடியில் பிள்ளையை வைத்ததும் அது அழும் என்று நினைத்தேன். அது அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவர் ஒரு கையைப் பிள்ளையின் அடியில் கொடுத்து, இன்னொரு கையைப் பிடரிக்குப் பின்னால் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தார். பின்னால் சாய்ந்தால் பிடிக்க வேண்டும். சாயாதபோது அதற்குத் தெரியக் கூடாது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு மட்டும் வருகிற கை அது. என் வீட்டுக்காரர் அந்தக் கையை எழுதி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். நகத்துக்குள் இருந்த மண்ணைக்கூட விடவில்லை.

பிள்ளைக்கோ ஒரே ஒரு விளையாட்டுத்தான். வலது காலைத் தூக்கித் தூக்கி முன்னால் உதைக்கும். காலை மடக்கி வைத்தால் மறுபடி நீட்டும். சரி, நீட்டியபடியே எழுதிவிடுகிறேன் என்று எழுதிவிட்டார். படம் முடிந்த அன்று போய்ப் பார்த்தேன். ஆண்டவர் மடியில் என் பெண் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறாள். வலது கால் நம்மைப் பார்த்து நீண்டிருக்கிறது. உள்ளங்கால் முழுசாகத் தெரிகிறது. அதன் நடுவில் நான் வைத்தபடியே, ஓரம் கொஞ்சம் கலைந்த மைப்பொட்டு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொன்ன சொல் தவறாத புருஷன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஊருக்குத் தெரியக் கூடாது என்று காலில் வைத்த பொட்டு அது என்கிற ஞாபகம் எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை. புத்தி எங்கே போயிற்று என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். பிள்ளை மேலேயே போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படம் தரையில் சாய்த்து வைத்திருந்தது. அங்கே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஆண்டவர் முகம். கோவிலில் அதைத் தூக்கிச் சுவரில் மாட்டினார்கள். சபையார் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர்கள். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு முகத்துக்கு முன்னால் கால்தான் தெரிகிறது. பிரதிஷ்டைக்கு முன்பே வந்த ஞாயிற்றுக்கிழமை அது. நான் பெண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால், முன்வரிசையில் ஒருத்தி தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பி என் மடியில் இருந்த பிள்ளையின் காலைத் தேடியது. நான் அந்தக் காலை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டேன்.

மூப்பருக்கு அன்று மத்தியானமே சேதி போய்விட்டது. அவருக்கு ஏற்கெனவே அந்தப் படத்தின்மேல் ஒரு கடுப்பு உண்டு, ஆனால் அதை வெளியே சொல்ல முடியாத கடுப்பு. படத்தில் ஓரமாக ஆண்டவருடைய சீஷர் ஒருவர் நிற்கிறார். பிள்ளைகளைக் கிட்டே வராதே என்று துண்டை உதறி விரட்டுகிறார். பெரிய மீசை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலில் முன்பாயில் உட்கார வருகிற பொடிசுகளைத் துண்டை உதறி விரட்டுகிற மீசை எங்கள் சபையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேண்டுமென்றா எழுதினீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். பிள்ளைகளை விரட்டுகிற மனுஷன் எப்படி நிற்பான் என்று யோசித்தேன், கை தானாக எழுதிவிட்டது என்றார். இருக்கிறதை இருக்கிறபடி எழுதுகிறவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சத்தம் போடவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆண்டவர் மடியில் இருக்கிற பிள்ளைக்கே கண்ணேறு படும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அப்புறம் அவர் எதற்கு, மைப்பொட்டே போதுமே என்று கேட்டார். கேள்வி சரியான கேள்வி. இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்றார். ஒன்று, பண்டிகைக்கு முன்னால் பொட்டின்மேல் தோல் நிறம் பூசி மறைக்க வேண்டும். இரண்டாவது, பிள்ளையின் தாய் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, அவிசுவாசத்தால் செய்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் படமும் இறங்கும், மாஸ்டர் வேலையைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும். ஐயரிடம் பேசியாகிவிட்டது, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை கூடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பொட்டுதானே, ஒரு தீற்றுத் தீற்றினால் போயிற்று, பிள்ளை காலில் நீ வைத்துக்கொள் என்றார். இந்த வேலை போனால் இந்த வீடும் போகும், அப்புறம் எங்கே நிற்பது என்றார். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அந்தப் பொட்டை மறைத்தால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று எனக்கு ஊன்றித் தோன்றிவிட்டது. சத்தியம் செய்தீர்களே என்றேன். என் கோபம் எனக்கே பயமாக இருந்தது. உங்களுக்குப் படம் பெரிசு, எனக்குப் பிள்ளை பெரிசு என்று சொல்லிவிட்டேன். அது அநியாயம். இரண்டு குழிக்கும் மண் தள்ளியவர் அவர்.

சனிக்கிழமை பிள்ளைக்கு உடம்பு சுட்டது. பால் குடிக்கவில்லை, சிணுங்கிக்கொண்டே கையைக் கடித்தது. போனதுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு உலகமே அந்தப் பொட்டில் வந்து நின்றது. இன்னும் பூசவில்லையே, அதற்குள்ளே இப்படியா என்று அடுப்படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். நீ நாளைக்கு வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வருவேன் என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஏணி சாய்த்திருந்தது. ஐயர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் மூப்பரோடு மல்லுக்கு நிற்கிற மனுஷரும் இல்லை. மூப்பர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், ஒரு வார்த்தை மிகையாக இல்லை. என் வீட்டுக்காரர் வீட்டிலேயே தோல் நிறம் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். பலகையும் தூரிகையுமாக ஏணியில் ஏறினார். பிள்ளையின் காலுக்கு நேராகப் போய் நின்றவர், தூரிகையை நிறத்தில் தொட்டார். தொட்டவர் அப்படியே நின்றார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்ததும், இவரும் பூச முடியாமல்தான் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

தாய் எழுந்து நிற்கட்டும் என்றார் மூப்பர்.

நின்றேன். எங்கள் சபைக் கூட்டத்தில் பெண்கள் வாய் திறந்த வழக்கம் இல்லை. பிள்ளை தோளில் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் காலில் அன்று காலையில் வைத்த பொட்டு இருந்தது. அந்தக் காலை ஊர் பார்க்கப் பிடித்துக் காட்டினேன்.

"நாந்தான் வெச்சேன். பயந்துகினுதான் வெச்சேன். ரெண்டை மண்ணுல வெச்சிட்டு வந்தவ நானு. அவர் மேல நம்பிக்கை இல்லாம இல்ல, எனக்குப் பயம் போவல. அங்க அழிக்கிறதுன்னா மொதல்ல இங்க அழிங்க. யாரு அழிக்கிறீங்களோ வாங்க."

ஒருவரும் அசையவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். மூப்பருக்கு இனி பின்வாங்க முடியாது. அவர்தான் கேட்டவர், அவர்தான் வர வேண்டும். துண்டை எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். நான் பிள்ளையின் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே நின்றேன்.

அவர் பிள்ளையின் காலைப் பிடித்தார். பிடித்த பிடியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதாரணமாகக் குழந்தையின் காலை யாரும் கணுக்காலில்தான் பிடிப்பார்கள். இவர் இடது கையால் ஐந்து விரலையும் சேர்த்துப் பின்னால் மடக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால்தான் உள்ளங்கால் விரிந்து கொடுக்கும், பொட்டு வைக்க வாகாக இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளை கூச்சத்தில் காலைச் சுருட்டி மையை ஈஷிவிடும். தினம் பொட்டு வைக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த பிடி அது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்குக் கூசியது. அத்தனை காய்ச்சலிலும் வாயைத் திறந்து சிரித்தது. மூப்பர் குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார். ஏன் வந்தோம், எதற்கு நிற்கிறோம் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன்.

"பல்லு மொளைக்குதும்மா," என்றார் மெதுவாக. "அதான் உடம்பு சுடுது. ஒண்ணும் பயப்படாதே."

நானும் பார்த்தேன். கீழ் ஈறில் அரிசி முனை மாதிரி வெள்ளையாக ஒன்று. நான் சனிக்கிழமை முழுக்க அழுத அழுகை அத்தனையும் அந்தப் பல்லுக்காக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த தைரியத்தில், அவருக்கும் எனக்கும் மட்டும் கேட்கிறாற்போலத்தான் கேட்டேன். கோவிலில் அன்று இருந்த நிசப்தத்தில் அது கடைசிப் பாய்வரைக்கும் போய்விட்டது.

"உங்க ஊட்டுல உங்க பேரனுக்கு யாரு வெக்கிறாங்க, மூப்பரய்யா?"

அவர் மீசை ஆடியது. பொய் சொல்லியிருக்கலாம். என்னை அதட்டி உட்கார வைத்திருக்கலாம். எவ்வளவோ கறார் பேர்வழி. ஆனால் கோவிலுக்குள் பொய் சொல்கிற மனுஷர் இல்லை அவர். அதை நான் எப்போதும் சொல்வேன்.

"நாந்தாம்மா," என்றார்.

பெண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தது அவருடைய மருமகள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கலியாணமாகி ஏழெட்டு வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை அவளுடையது. தினமும் காலையில் மாமனார் வண்டி பூட்டுவதற்கு முன்னால் பேரனை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு காலில் பொட்டு வைப்பாராம். பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். அவள் தன் பிள்ளையின் காலைத் திருப்பிக் காட்டினாள். இருந்தது. அடுத்தவள் காட்டினாள். அப்புறம் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தியும் பாக்கியில்லை. சின்னச் சின்ன உள்ளங்கால்களாகப் பெண்கள் பக்கம் முழுக்க உயர்ந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. சிலது கலைந்திருந்தது, சிலது காலையில் வைத்த ஈரத்தோடு பளபளத்தது. கோவிலில் மறைக்க வேண்டும் என்று அவரவர் தனித்தனியாகப் பயந்து, அத்தனை பேரும் ஒரே இடத்தில் மறைத்திருந்தோம்.

ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தனை கால்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அண்ணாந்து படத்தைப் பார்த்தார்.

"பயம் இல்லாதவர்களைத்தான் மடியில் வைப்பேன் என்று அவர் சொல்லவில்லையே," என்றார். "மாஸ்டர், இறங்குங்கள். ஏணியை யாராவது எடுத்து வெளியில் வையுங்கள்."

நான் ஜெயித்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, பலகையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, சபை பார்க்கப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்தால் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டவளும் உண்டு, இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக என் கன்னத்தில் இடித்தவளும் உண்டு. ராணி மாதிரி நடந்துதான் வீட்டுக்குப் போனேன். போய்க் கேழ்வரகுக் களி கிண்டினேன், அது வேறு விஷயம்.

பண்டிகைக்கு இன்னும் நாள் இருந்தது. இரண்டு நாள் கழித்து மூப்பர் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார், நாற்காலியிலும் உட்கார்ந்தார். நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பேசினார், நெல் விலை பேசினார். என் வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார், வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் சும்மா இருந்தேன். கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்று.

கடைசியில், படத்தில் தன் பேரனுக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டார். இத்தனை பிள்ளைகள் இருக்கிறதே, இது ஒன்று மட்டும் இல்லாமல் இருப்பது மனசுக்கு என்னவோ போல இருக்கிறது என்றார். அந்தத் தெருவில் தானே வந்து, என் பிள்ளையை எழுது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், ஆனால் முகத்தில் கவலை. ஆண்டவர் மடியில் இடம் இல்லை, அவரைச் சுற்றியும் இண்டு இடுக்கு இல்லை. எங்கே வைக்கட்டும், நீங்களே சொல்லுங்கள் மூப்பரய்யா என்றார்.

மூப்பர் பேரனின் காலைப் பிடித்து, கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். யோசித்துப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

"அந்த ஓரத்துல துண்டை ஒதறிகினு நிக்கிறானே ஒருத்தன்," என்றார். "அவன் எடது கை சும்மாத்தான கீது. அதுல குடு."